வீட்டுக்கு எந்த எரிசக்தி? நாற்பது பக்க நோட்டில் கணக்குப் போடும் வழி

“அண்ணாச்சி, சோலார் போட்டுரலாமா?” என்று மாதத்துக்குப் பத்துப் பேராவது போன் செய்கிறார்கள். ஆலங்குளத்தில் இருபத்தேழு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். கடைசி எட்டு வருடமாக மொட்டை மாடியில் பேனலும் மாட்டிக் கொடுக்கிறேன். மாட்டினால் எனக்குத்தான் வருமானம். இருந்தாலும் கேட்கிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: “நாற்பது பக்க நோட்டு ஒன்னு வாங்குங்க. ஒரு வாரம் எழுதுங்க. அப்புறம் பேசுவோம்.”

அந்த நோட்டில் என்ன எழுத வேண்டும், எழுதியதை வைத்து எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் புதுப்பிக்கத்தக்கது, புதுப்பிக்க இயலாதது என்று இரண்டு கட்டம் போட்டு நன்மை தீமைகளைப் பட்டியல் போட்டிருப்பார்கள். பரீட்சைக்கு அது போதும். வீட்டுக்குள் வந்தால் அந்தக் கட்டம் அப்படியே நிற்பதில்லை. என் அம்மா முப்பது வருடம் ஊதிய விறகடுப்பு புதுப்பிக்கத்தக்கதுதான். வெட்ட வெட்டச் சீமைக் கருவேல் முளைத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அந்தப் புகையில்தான் அம்மாவுக்கு இருமல் பிடித்தது, இன்னும் விடவில்லை. கூடங்குளத்தில் ஓடுவது புதுப்பிக்க இயலாத யுரேனியம். அங்கே புகை கிடையாது. அதனால் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எந்த வேலைக்கு, எந்த நேரத்துக்கு, எந்த மாதத்துக்கு என்று கேட்டால் சொல்ல முடியும். அதற்குத்தான் நோட்டு.

முதல் வாரம்: மீட்டரைப் படிப்பது

காலை 6 மணி, மாலை 6 மணி, இரவு 10 மணி. இந்த மூன்று வேளையும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். இப்போதிருக்கும் டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். கே.டபிள்யூ.ஹெச். என்ற எழுத்தோடு வருவதுதான் யூனிட். புள்ளிக்குப் பிறகு எண் இருந்தால் அதையும் எழுதுங்கள். பகலில் எத்தனை, சாயங்காலம் எத்தனை, தூங்கும்போது எத்தனை என்று மூன்று கூறாகப் பிரிந்து வரும்.

அடுத்த பக்கத்தில் கேஸ் சிலிண்டர் மாட்டிய தேதி. அதற்கடுத்து வண்டிக்குப் போட்ட பெட்ரோல். விறகு வாங்கினால் அதுவும். கடைசிப் பக்கத்தில் கரண்ட் போன நேரமும் வந்த நேரமும். இந்தக் கடைசிப் பக்கத்தைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதில்லை. எனக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். காரணம் பின்னால் வரும்.

என் வீட்டு நோட்டில் மாசி மாதத்து வாரத்தில் ஒரு நாள் கணக்கு இப்படி இருந்தது: பகல் 2.6 யூனிட், சாயங்காலம் 2, இரவு 2.4. மொத்தம் 7. எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவதால் பாதிக்கு மேல் சூரியன் போன பிறகுதான் செலவாகிறது. அதே தெருவில் வீட்டிலேயே தையல் தொழில் செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் நோட்டில் 9 யூனிட், அதில் 6 பகலிலேயே போயிருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவு பேனலைத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினால் அது சரியான வேலை ஆகாது.

எழுதும்போதே ஒன்று கண்ணில் படும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டுக்கு உள்ளேதான். நாலு ஃபேன் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் பழையதில் 2.4 யூனிட், புதியதில் 1 யூனிட்கூட வராது. பேனல் போடுவதற்கு முன்னால் ஃபேனை மாற்றுங்கள் என்று சொல்லி நான் இழந்த ஆர்டர் உண்டு. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

லைனில் வரும் கரண்ட் எதில் பிறக்கிறது

அடுத்த வேலை, நோட்டில் எழுதிய ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே அந்த நேரத்தில் லைனில் எது ஓடும் என்று தெரிந்துகொள்வது. பழைய திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இது எளிது. எல்லா வகையும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. மேற்கே பாபநாசத்தில் 1944-இல் தொடங்கிய நீர்மின் நிலையம். கிழக்கே தூத்துக்குடியில் அனல் மின் நிலையம். தெற்கே கூடங்குளம். எங்கள் ஊரைச் சுற்றியும் கயத்தாறிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் காற்றாலைகள். கொஞ்சம் தள்ளிப் போனால் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் பூங்கா.

நிலக்கரியில் தொடங்குகிறேன், ஏனென்றால் நம் சுவிட்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது அதுதான். ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிகிறது. என் வீட்டு 7 யூனிட்டும் நிலக்கரியிலிருந்தே வந்தால் நாளொன்றுக்கு 5 கிலோ. கடையில் விற்கும் சின்ன அரிசிப் பை ஒன்று தினமும் எனக்காக எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிச் சாம்பல் இருக்கும். அப்படிப் பார்த்தால் தினமும் ஒன்றரைக் கிலோ சாம்பலும் என் கணக்கில் சேர்கிறது. அந்தச் சாம்பலில் ஒரு பகுதி சிமென்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. மீதி குளம் மாதிரித் தேங்கி, காற்றடித்தால் பறக்கிறது. கார்பன் டை ஆக்சைடு யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும். அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு மற்ற பக்கத்தையும் சொல்லாவிட்டால் தப்பு. கார்த்திகை மாத அடைமழை நாளில் எங்கள் ஊர்க் காற்றாலை இறக்கை அசையாது, வானமும் மூடியிருக்கும். அப்போது ராத்திரி எட்டு மணிக்கு ஊரெல்லாம் விளக்கெரிவது பெரும்பாலும் நிலக்கரியாலும் அணு உலையாலும்தான். நிலக்கரி கூப்பிட்டால் வரும், கொட்டி வைத்தால் காத்திருக்கும். அந்தக் குணம் சூரியனுக்கும் காற்றுக்கும் இல்லை. ஆனால் அனல் உலையை நம் வீட்டு அடுப்பு மாதிரி நினைத்த நேரத்தில் ஏற்றி இறக்க முடியாது. ஆறிய பாய்லரைச் சூடேற்றி ஓடவிடப் பல மணி நேரம் ஆகும்.

காற்று எங்கள் சொந்தக்காரன் மாதிரி. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986-இல் தொடங்கியது இன்று தமிழ்நாடு முழுக்க 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரைக்கும்தான் அதற்குச் சீசன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அந்த மாதங்களில் ராத்திரியும் இறக்கை சுற்றும். ஐப்பசிக்குப் பிறகு பாதி நாள் சும்மா நிற்கும். காற்றில் ஒரு கணக்கு உண்டு: வேகம் பாதியானால் கிடைக்கும் ஆற்றல் பாதியாகாது, எட்டில் ஒன்றாகிவிடும். அதனால்தான் பெரிய காற்றாலைகளை 80 மீட்டர், 100 மீட்டர் உயரத்தில் தூக்கி வைக்கிறார்கள். மாடியில் சின்னக் காற்றாலை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே. வீட்டு உயரத்தில் மரமும் பக்கத்து மாடியும் காற்றை உடைத்துவிடும். பணத்தைப் போடாதீர்கள்.

காற்றாலைக்குப் புகையில்லை, சாம்பலில்லை, தண்ணீர் வேண்டியதில்லை. கீழே உளுந்தும் சோளமும் விதைக்கலாம். குறை என்று பார்த்தால் ஒன்றை நேரில் கண்டிருக்கிறேன். இறக்கையைக் கொண்டுவர ரோடு போடும்போது ஓடையை மறித்துவிட்டார்கள். அந்த ஓடையை நம்பியிருந்த குளத்துக்கு அடுத்த இரண்டு மழைக்குத் தண்ணீர் வரவில்லை. ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து, பிறகு குழாய் போட்டுத் திறந்துவிட்டார்கள். நல்ல எரிசக்தியும் போடுகிற விதத்தில் போட்டால்தான் நல்லது.

நீர்மின்சாரத்தின் சிறப்பு அதன் வேகம். மதகைத் திறந்தால் சில நிமிடத்தில் கரண்ட். தண்ணீரும் தீர்ந்துபோவதில்லை, சுழலியைச் சுற்றிவிட்டு அப்படியே தாமிரபரணிக் கால்வாய்களுக்குப் போய் நெல் வயலில் பாய்கிறது. ஆனால் பாபநாசம் 32 மெகாவாட், கூடங்குளம் 2,000 மெகாவாட். இன்னொரு பெரிய அணைக்குக் காட்டை மூழ்கடிக்காமல் இடம் கிடைப்பதும் அரிது. மழை பொய்த்தால் இதுவும் பொய்க்கும். வால்பாறை மலைப் பக்கம் காடம்பாறையில் வேறு மாதிரி ஒரு நிலையம் இருக்கிறது. கரண்ட் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையின் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, தேவை கூடும் நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். மலையே பேட்டரி. காற்றும் வெயிலும் பெருகப் பெருக இப்படிப்பட்ட இடங்கள் நமக்கு நிறைய வேண்டியிருக்கும்.

அணு உலையைப் பற்றி இந்தப் பக்கத்தில் பேசினால் வீட்டுக்கு வீடு கருத்து மாறும். கூடங்குளம் உலையை எதிர்த்து இடிந்தகரையில் போராடியவர்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கழிவைப் பல தலைமுறைக்குக் காவல் காக்க வேண்டும் என்பது உண்மை. இரவு பகல், மழை வெயில் பாராமல் புகையின்றி ஓடுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை இல்லாத உச்சம். அக்னி நட்சத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பு. அப்படிப்பட்ட நாளில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஓடும் ஏ.சி.க்கும் ராத்திரி பத்து மணிக்கு ஓடும் ஏ.சி.க்கும் கரண்ட் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பகலில் வெயிலின் பங்கு பெரிது, இரவில் நிலக்கரியின் பங்கு பெரிது. மாவரைப்பது, துணி துவைப்பது, மோட்டார் போடுவது ஆகிய மூன்றையும் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் நகர்த்த முடியுமா என்று பாருங்கள். செலவில்லாத மாற்றம் இது ஒன்றுதான்.

மாடியில் பேனல்: போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இப்போது நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு வாருங்கள்.

நம் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் வருடச் சராசரியில் நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். இடம் சுமார் 100 சதுர அடி. வருடம் முழுக்க 4 வரும் என்று நினைக்காதீர்கள். மாசி, பங்குனியில் 5-ஐத் தொடும், ஐப்பசி, கார்த்திகையில் 2-க்கும் இறங்கும். நிறையப் பேருக்குத் தெரியாதது ஒன்று: பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறைந்துகொண்டே வரும். சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரிக்கு மேல் போகும். பத்துப் பன்னிரண்டு சதவீதம் அங்கேயே போய்விடும். அதனால் தரையோடு ஒட்டிப் போடாமல், அடியில் காற்று ஓட இடம் விட்டு, தெற்குப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்த்துப் போடச் சொல்லுங்கள்.

நிழலை நீங்களே பாருங்கள், கம்பெனிக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். காலை 9, பகல் 12, மாலை 4, மூன்று நேரமும் மாடியில் நின்று தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். மார்கழியில் நிழல் வடக்கே நீளும், அதையும் மனதில் வையுங்கள். ஒரு வீட்டில் ஒற்றைத் தென்னை மட்டையின் நிழல் ஒரு பேனலின் மூலையில்தான் விழுந்தது. பேனல்கள் சங்கிலி மாதிரித் தொடர்ந்து இணைந்திருப்பதால் அந்த வரிசையே பத்து மணி வரை சோர்ந்து கிடந்தது. மட்டையை வெட்டிய அன்று மதியமே மீட்டர் தெளிந்தது. மரத்தை வெட்டச் சொல்லவில்லை, மட்டையைத்தான். நிழல் தரும் வேப்ப மரம் நிற்கும் வீட்டில் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுக் குறைவாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மரம் செய்யும் குளிர்ச்சியைப் பேனல் செய்யாது.

அப்புறம் பணம். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பி.எம். சூரிய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம், மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். என் வீட்டுக்கு இரண்டு மாதத்தில் 420 யூனிட். அதில் ஒரு பகுதி இலவசம். மீதிக்கு வரும் பில் பெரிதில்லை. இரண்டு கிலோவாட் போட்டால் மானியம் போகப் போட்ட பணம் திரும்ப எட்டு, ஒன்பது வருடம் ஆகும். இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓட்டும் ஏ.சி. வீட்டுக்கோ நாலு வருடத்தில் வந்துவிடும். நம் ஊரில் யூனிட் ஏற ஏற விலை ஏறுவதால், சோலார் முதலில் கழிப்பது விலை கூடிய மேல்படி யூனிட்டுகளை. அதனால் நிறையச் செலவழிக்கிறவருக்கு லாபம் சீக்கிரம். சிக்கனமாக இருப்பவர் பொறுத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும். பேனல் 25 வருடம் நிற்கும். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரை நடுவில் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரும், அதற்கும் பணம் எடுத்து வையுங்கள்.

கழுவுவது அதிகாலையில் மட்டும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அப்படியே விட்டால் வெள்ளைப் படலம் படிந்துவிடும். கழுவியதும் துடைத்துவிடுங்கள்.

ஏரலில் கற்றுக்கொண்டது

நோட்டின் கடைசிப் பக்கத்தை ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. தாமிரபரணி கரை புரண்டு, ஆற்றங்கரை ஊரான ஏரலுக்குள் புகுந்தது. என் சித்தி வீடு அங்கேதான். முந்தைய வருடம்தான் நானே 3 கிலோவாட் சோலார் மாட்டிக் கொடுத்திருந்தேன். கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். சித்தியும் பக்கத்து வீட்டுக்காரர்களுமாகப் பதினோரு பேர் மாடி அறையில். இன்வெர்ட்டர் மாடிப்படிச் சுவரில் உயரமாக இருந்ததால் நனையவில்லை. மழை விட்டு வெயிலும் வந்துவிட்டது. பேனல் முழுக்க வெயில். ஒரு விளக்கு எரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தது நாலாம் நாள். சித்தி கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: “ஏய்யா, மாடி முழுக்கப் பேனல் போட்டுத் தந்தியே, ஒத்த போனுக்குச் சார்ஜ் ஏத்த முடியலையே.”

அந்த மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. நான் மாட்டியது ஆன்கிரிட் வகை. லைனில் கரண்ட் இருந்தால்தான் அது வேலை செய்யும், லைன் போனால் தானும் நின்றுவிடும். அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இல்லாவிட்டால் நம் மாடியில் பிறக்கும் கரண்ட் லைனுக்குள் புகுந்து, அறுந்த கம்பியைக் கட்டப் போஸ்ட்டில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொன்றுவிடும். இதையெல்லாம் போடும்போதே நான் சித்தியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது என் தப்பு, அதற்குப் பிறகு சொல்லாமல் ஒரு வீட்டிலும் பேனல் ஏற்றியதில்லை.

அந்த நாலு நாளும் பதினோரு பேருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது, தண்ணீர் ஏறும்போதே சித்தி மகன் தோளில் தூக்கி மாடிக்குக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர். போனுக்குச் சார்ஜ் கொடுத்ததும் குடிதண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றியதும் மேட்டுத் தெருவில் இருந்த ஒரு மண்டபத்தின் டீசல் ஜெனரேட்டர். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட்தான் கிடைக்கும், யூனிட் முப்பது ரூபாய்க்குக் குறையாது. அன்றைக்கு அதை யாரும் விலை பார்க்கவில்லை. டப்பாவில் அடைத்து வைக்கலாம், எங்கும் தூக்கிப் போகலாம், வருடம் கழித்தும் எரியும். பூமிக்குள்ளிருந்து எடுக்கும் எரிபொருளின் பெரிய பலம் இதுதான். அவசரத்துக்கு இந்தப் பலம் வேண்டும். தினசரிக்கு இதை எரிப்பதுதான் வீண்.

சித்தி வீட்டில் இப்போது ஆன்கிரிட் அப்படியே இருக்கிறது. அதோடு சேராமல் தனியாக ஒரு 165 வாட் பேனல், பேட்டரிக்குக் கரண்டை அளவாக விடும் சார்ஜ் கன்ட்ரோலர், ஏற்கெனவே வீட்டிலிருந்த இன்வெர்ட்டர், 150 ஏ.ஹெச். பேட்டரி. இரண்டு பி.எல்.டி.சி. ஃபேன், நாலு விளக்கு, போன்கள். அதற்குப் போதும். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் லைன் போனாலும் பேட்டரியோடு சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் போடலாம், விலை நன்றாகவே கூடும். உங்கள் நோட்டின் கடைசிப் பக்கம் மாதத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம் என்று காட்டினால் பேட்டரிக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சொல். லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் பிளக் வழியாக வீட்டு வயரிங்கில் கொடுக்காதீர்கள், மேலே சொன்ன லைன்மேன் கதைதான். மூடிய அறையிலோ ஜன்னலுக்கு அடியிலோ ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழவே மாட்டார். வெள்ளத்தில் நனைந்த சோலார் வயரையும் தொடாதீர்கள். மெயின் ஆஃப் செய்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் வயரில் பல நூறு வோல்ட் இருக்கும்.

அடுப்பங்கரைக் கணக்கு

சிலிண்டர் தேதிப் பக்கத்தை இப்போது திருப்புங்கள். கேஸா, இண்டக்‌ஷனா என்று கேட்காத வீடு இல்லை.

14.2 கிலோ சிலிண்டரில் உள்ள சூடு சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் பாத்திரத்துக்குள் போவது அதில் அறுபது சதவீதம் போல. மீதி கைப்பிடியைச் சுட்டு, அறையைச் சுட்டுப் போகிறது. இண்டக்‌ஷனில் எண்பத்தைந்து சதவீதம் பாத்திரத்துக்குப் போகும். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டர் செய்யும் சமையலுக்கு இண்டக்‌ஷனில் ஏறக்குறைய 125 யூனிட். எங்கள் வீட்டில் சிலிண்டர் 45 நாள் வரும். இரண்டு மாதத்துக்குச் சுமார் 165 யூனிட் கூடும். ஏற்கெனவே 420. கூட்டினால் 585.

இங்கேதான் கவனம். 500 யூனிட்டைத் தாண்டினால் மேல்படி விலை ஏறுவதோடு, கீழ்ப்படியில் கிடைத்த சலுகை விலையும் போய்விடும். சோலார் இல்லாமல் முழுச் சமையலையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் என் வீட்டில் கேஸ் மிச்சமாகிற பணத்தைவிடக் கரண்ட் பில் கூடும். 250 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு அந்தப் பயம் இல்லை, மாற்றினால் லாபம்தான்.

புகைக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு சிலிண்டர் எரிந்தால் 42 கிலோ போலக் கார்பன் டை ஆக்சைடு. 125 யூனிட்டை இன்றைய இந்திய லைனிலிருந்து எடுத்தால், நிலக்கரிப் பங்கு அவ்வளவு பெரிதாக இருப்பதால், 90 கிலோ அளவுக்கு வரும். சமையலறையில் காற்று சுத்தமாகும், ஆனால் புகை தூத்துக்குடிப் பக்கம் போய்விடும். மாடியில் பேனல் இருந்தால் இந்தக் கணக்கே தலைகீழாகும். அதனால் என் வரிசை இது: முதலில் பேனல், அப்புறம் இண்டக்‌ஷன். அதுவரை பால், வெந்நீர், முட்டை மட்டும் இண்டக்‌ஷனில், பகலில். நாம் எரிக்கும் எல்.பி.ஜி.யில் பாதிக்கு மேல் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ நடக்கும் சண்டைக்கு நம் அடுப்பு விலை கொடுக்கிறது என்பதால், பேனல் போட்ட பிறகாவது கேஸைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஒரு சிலிண்டரை எப்போதும் நிறைத்து வையுங்கள், ஏரலை நினைத்து.

மாடு இருக்கிற வீடென்றால் வேறு வழி உண்டு. என் அண்ணன் வீட்டில் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன். தினமும் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து ஊற்ற வேண்டும். நாலைந்து மாடு வேண்டும். ஒரு நாளைக்குக் கிடைப்பது 900 கிராம் எல்.பி.ஜி.க்குச் சமம், ஐந்து பேர் சமையலுக்குச் சரியாக வரும். வெளியே வரும் கரைசல் தென்னைக்கு. மதினி அதை அவ்வளவு ஆசையாகச் சொல்வார்: நீல ஜுவாலை, பாத்திரத்தில் கரி இல்லை, வாங்கப் போக வேண்டியதும் இல்லை. ஆனால் கரைத்து ஊற்றுவது மதினியின் கைதான். போன வருடம் முதுகு வலியில் படுத்த பத்து நாளில் வாயு பாதியாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் மாடுகளை விற்ற பிறகு கலன் காய்ந்து கிடக்கிறது. மாடும் ஆளும் நிலையாக இருந்தால் இதைவிட நல்ல அடுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

விறகை அம்மா இன்னும் விடவில்லை, நெல் அவிக்கவும் குளிக்க வெந்நீர் போடவும். வீட்டுக்குள்ளிருந்து அடுப்பை வெளியே மாற்றி, தலைக்கு மேல் புகைபோக்கி வைத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் அம்மாவிடம் பேச முடியாது. வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் போல இழுக்கும், பெட்ரோல் ஸ்கூட்டருக்கு இரண்டு லிட்டருக்கு மேல். பகலில் வீட்டில் நிற்கும் வண்டியானால் மாடிப் பேனலிலேயே சார்ஜ் ஏறிவிடும்.

கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம்

ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு வையுங்கள். பழசாகிப் போகும் பொருளுக்கு. ஈய பேட்டரி நாலைந்து வருடத்தில் போய்விடும். புகையே விடாத சோலார் வீட்டிலிருந்தும் கிளம்பும் விஷம் இதுதான். தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் போட்டால் அவர் ஓடைக்கரையில் வைத்து உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துப் போவார். எங்கள் ஊர் ஓடையில் அப்படி ஒரு இடத்தில் இன்றும் புல் முளைப்பதில்லை. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தயாரித்த கம்பெனிக்கே அதைத் திரும்ப வாங்கும் பொறுப்பு. புதுப் பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை எடை போட்டுக் கொடுங்கள், எடைக்கு ஏற்ற விலையைக் கழிப்பார்கள். உடைந்த பேனலையும் குப்பையில் வீசாமல், மாட்டிக் கொடுத்தவரையே கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

பேட்டரி வாங்கிய தேதி, வரிசை எண், எடைச் சீட்டு, மூன்றையும் அந்தப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். சித்திரையில் ஒரு வாரமும் கார்த்திகையில் ஒரு வாரமும் மறுபடி மீட்டரை எழுதிவிட்டு, நோட்டோடு போன் செய்யுங்கள்.